பயந்த பிள்ளையும் படிக்காது: வகுப்பறை மரியாதைக்கான கொள்கைப் பிரகடனம்

முகவுரை

ஆசிரியர்களாகிய நாங்கள் இந்தப் பிரகடனத்தை எழுதுகிறோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்பில் தொண்டை கட்டும்வரை கத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தனியார் பள்ளியில் மாதச் சம்பளத்துக்கும் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் நடுவே நசுங்குகிறவர்களும் உண்டு. பிரம்பைத் தொடாதவர்கள் எங்களில் சிலர். தொட்டவர்கள் பலர். அதை மறைத்துக்கொண்டு ஓர் இயக்கத்தைத் தொடங்க எங்களுக்கு விருப்பமில்லை.

1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமானது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் காலை உணவும் பள்ளிக்கு வந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. பசித்த பிள்ளை படிக்காது என்ற உண்மையை மட்டும் இந்த மண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதற்காகச் செலவு செய்தது, சண்டை போட்டது, பெருமையும் பட்டது.

அந்த உண்மையின் இரண்டாம் பாதியை இன்னும் நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பயந்த பிள்ளையும் படிக்காது. காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்து வரும் குழந்தை, கணக்கு சாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் தெரிந்த விடையையும் மறந்துவிடுகிறது. வயிற்றுக்குச் செய்ததை மனதுக்கும் செய்ய வேண்டும் என்பதற்காகவே நாங்கள் ஒன்றுகூடியிருக்கிறோம்.

1. நாங்கள் ஒப்புக்கொள்பவை

எங்களில் ஒருவரின் நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பென்சில் சீவப் போவான். குப்பைத்தொட்டி கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் வாரம் அதட்டினார். இரண்டாம் வாரம் காதைத் திருகினார். மூன்றாம் வாரம் ஷார்ப்னரைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பையன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வகுப்பு அமைதியானது. நோட்டில் எழுதுவதையும் அவன் நிறுத்திவிட்டான்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குக் கண் பரிசோதனை முகாம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடைசி வரிசையிலிருந்து அவனுக்குக் கரும்பலகையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பென்சில் சீவும் சாக்கில் முன்னால் வந்து, நாலு வரியைப் படித்து, மனதில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். படிப்பதற்கு அவன் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே வழியை, ஒழுங்கு என்ற பெயரில் அடைத்துவிட்டோம்.

இதுபோல எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. பேசியதற்கு முட்டி போட வைத்திருக்கிறோம். நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்லி, எழுதுவதே தண்டனை என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம். குறைந்த மதிப்பெண்ணை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்திருக்கிறோம். பிள்ளைகளைச் சரிசெய்யப் புறப்பட்டவர்கள் முதலில் எங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2. கை விட்டதை நாக்கு எடுத்துக்கொண்டது

சட்டம் எங்கள் பக்கம் வந்து நீண்ட நாளாயிற்று. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் கண்ணியத்துக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்றது. 1992-இல் இந்தியா அதில் இணைந்தது. 2003-இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையைத் தடுத்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், தண்டனை ஒழிப்பு வழிகாட்டு நெறிகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி அரசுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. மீண்டும் உத்தரவிட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். மூன்றில் இருவர். பிறகு அடி குறைந்த பள்ளிகளை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அடி நின்ற இடங்களில் என்ன வந்தது என்பதையும் பார்த்திருக்கிறோம்.

சட்டம் பிரம்பை வாங்கிக்கொண்டது. அந்த இடத்தில் வேறு கருவி எதையும் எங்கள் கையில் யாரும் தரவில்லை. பி.எட். படிப்பில் உளவியல் தாள் இருந்தது. பியாஜே பெயரைத் தேர்வில் எழுதினோம். திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் நாற்பது பிள்ளைகளை எப்படி அமைதியாக்குவது என்று அதில் ஒரு பக்கமும் இல்லை. வெறுங்கையோடு நின்ற ஆசிரியர், வாயைத் திறந்தார். "மக்கு", "தண்டம்", "மாடு மேய்க்கத்தான் லாயக்கு", "உங்க ஆளுங்களே இப்படித்தான்". கையிலிருந்த பிரம்பு நாக்குக்கு ஏறிக்கொண்டது. கை வீக்கம் இரண்டு நாளில் வடியும். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற சொல், உண்மையிலேயே மாடு மேய்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஓர் அப்பாவையும் சேர்த்தே அடிக்கிறது. அது எளிதில் வடிவதில்லை.

ஆகவே எங்கள் இயக்கம் பிரம்புக்கு எதிரான இயக்கம் மட்டும் ஆகாது. வெறுங்கையை நிரப்பும் இயக்கம் இது. அடிக்காமல், திட்டாமல், விட்டும்விடாமல் ஒரு வகுப்பை நடத்தும் தொழில்நுட்பத்தைக் கற்கவும் கற்பிக்கவும் கூடியிருக்கிறோம்.

3. எங்கிருந்து வருகிறோம்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் அதன் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1823-இல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல், சென்னை மாகாண வருவாய் வாரியத்துக்கு எழுதிய அறிக்கையில் அங்கிருந்த பள்ளிகளின் வழக்கத்தைப் பதிவு செய்தார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். அந்தக் கணக்குப்படி முப்பதாவதாக வந்தவனுக்கு இருபத்தெட்டு அடி. யார் முப்பதாவதாக வந்திருப்பான்? தூரத்து வீட்டுப் பிள்ளையும், தண்ணீர் சுமந்துவிட்டு வந்த பிள்ளையும்தான். இன்று பிரேயர் முடிந்தபின் கேட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தால் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்று தெரிகிறது.

விட்டத்தில் கட்டிய கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டமும் நம்முடையதுதான். எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நல்லதும் நம்மிடம் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் நல்லாசிரியருக்கு நான்கு உவமை சொல்கிறது: நிலம், மலை, நிறைகோல், மலர். நிலத்தின் பொறுமையும் நிறைகோலின் நடுநிலையும் மலரின் மென்மையும் ஓர் இலக்கண ஆசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கேட்ட தகுதிகள். அதே நன்னூல், நெருப்பின் அருகே குளிர்காய்பவனைப்போல மாணவன் அஞ்சி நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் காலங்காலமாக நெருப்பை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். மலரை மறந்தோம். இந்த இயக்கம் மலரின் பக்கம் நிற்கிறது.

வகுப்புக்குத் தலைமை தாங்கும் மாணவனான சட்டாம்பிள்ளையின் கதையும் இப்படித்தான். எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789-இல் ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை வளர்த்தெடுத்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது பல நாடுகளுக்குப் போனது. இங்கோ வகுப்பு லீடரின் வேலை, பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதாகச் சுருங்கிவிட்டது. சொல்லிக்கொடுக்க வேண்டிய பிள்ளையை வேவு பார்க்க வைத்தோம்.

1939-இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். குழந்தையைத் திருத்தும் முன் கவனி என்பது அவர் வழி. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் கரும்பலகை சுவரில் கீழே இறங்கிக் குழந்தையின் உயரத்துக்கு வந்தது. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து இறங்கியவருக்குப் பிள்ளையின் கண் தெரிந்தது. இந்தத் தடத்தில்தான் நாங்கள் நடக்க விரும்புகிறோம்.

4. எங்கள் கொள்கைகள்

முதலாவது: சேட்டைக்குள் இருக்கும் காரணத்தைத் தேடாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டோம்.

வியன்னாவின் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் வழிவந்த ருடால்ஃப் ட்ரைகர்ஸ், குழந்தை வளர்ப்பு பற்றி 1964-இல் எழுதிய நூலில் ஒரு வழி காட்டினார். அடங்காத பிள்ளை மனம் தளர்ந்த பிள்ளை என்பது அவர் பார்வை. எல்லோரோடும் சேர்ந்திருக்க ஏங்கும் குழந்தை, நேர்வழி கிடைக்காதபோது நாலு குறுக்குவழிகளில் போகிறது: கவனத்தை இழுப்பது, 'நான் சொல்வதுதான்' என்று முறைப்பது, பட்ட காயத்துக்குப் பழிவாங்குவது, 'என்னால் முடியாது, விட்டுவிடுங்கள்' என்று ஒடுங்குவது. எந்த வழி என்று கண்டுபிடிக்க ஆசிரியர் தன் மனதையே பார்த்தால் போதும். எரிச்சல் வந்தால் பிள்ளை கவனம் கேட்கிறது. 'யார் பெரியவர், பார்த்துவிடலாம்' என்று ரத்தம் கொதித்தால் அது அதிகாரப் போட்டி. மனம் நொந்தால் பிள்ளையும் நொந்திருக்கிறது. 'இவனை ஒன்றும் செய்ய முடியாது' என்று நாமே கை விரித்தால், பிள்ளை அதற்கு முன்பே கை விரித்துவிட்டது. பிரம்பு இந்த நான்கையும் ஒன்றாகவே பார்க்கும்.

இரண்டாவது: செயலைக் கண்டிப்போம், ஆளைப் பழிக்க மாட்டோம்.

"நீ பொய்யன்" என்பதற்கும் "நீ சொன்னது நடந்ததோட பொருந்தலையே" என்பதற்கும் நடுவே ஒரு பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. முதல் வாக்கியம் பட்டம் சூட்டுகிறது. இரண்டாவது, திரும்பி வர வழி விடுகிறது.

மூன்றாவது: கனிவும் கண்டிப்பும் ஒரே கையில் இருக்கும்.

எதைச் செய்தாலும் சரி என்று விட்டுவிடும் ஆசிரியரைப் பிள்ளைகளும் மதிப்பதில்லை. அடுத்த பிள்ளையை அடிக்கக் கூடாது என்றால் கூடாது. அதில் பேரம் இல்லை. அந்த 'கூடாது' என்ற சொல்லைக் குரல் உயர்த்தாமல் சொல்வதுதான் நாங்கள் பழகவேண்டிய வித்தை.

நான்காவது: தண்டனைக்குப் பதிலாகப் பொறுப்பு.

தண்ணீரைக் கொட்டிய பிள்ளை வெயிலில் நின்றால் தரை காய்ந்துவிடாது. துணியை எடுத்துத் துடைத்தால் தரையும் காயும், அடுத்தமுறை பாட்டிலை மூடும் பழக்கமும் வரும். செய்த செயலோடு தொடர்பு இருக்கிறதா, பிள்ளையின் மரியாதை குறையாமல் இருக்கிறதா, அளவோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் 'ஆம்' என்றால்தான் ஒரு விளைவை வகுப்பில் வைப்போம். கழிவறை கழுவச் சொல்வதும் பெருக்கச் சொல்வதும், யாரிடம் சொல்லப்படுகிறது என்பதில் சாதி புகுந்துகொள்ளும் தண்டனைகள். அவற்றை எந்தப் பெயரிலும் ஏற்க மாட்டோம்.

ஐந்தாவது: பாராட்டைக் குறைப்போம், ஊக்கத்தைக் கூட்டுவோம்.

"வெரி குட், நீதான் கிளாஸ்லயே கெட்டிக்காரி" என்றால் ஒருத்திக்குக் கிரீடம், முப்பத்தொன்பது பேருக்குத் தலைக்குனிவு. கிரீடம் வாங்கியவளும் அடுத்த கணக்கைத் தொடப் பயப்படுவாள், தப்பாகப் போனால் கிரீடம் போய்விடுமே. "மூணாவது வரியில தப்பை நீயே கண்டுபிடிச்சு அழிச்சிருக்க" என்று சொல்லிப் பாருங்கள். இது முட்டை மார்க் வாங்கியவனுக்கும் சொல்லக்கூடியது. தோற்ற பிள்ளைக்கும் கொடுக்க முடிந்தால்தான் அது ஊக்கம்.

ஆறாவது: விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுவோம்.

ஐந்து விதிகள் போதும். 'ஓடாதே', 'கத்தாதே' என்று எழுதாமல் 'நடந்து போவோம்', 'ஒருவர் பேசும்போது கேட்போம்' என்று எழுதுவோம். அவை ஆசிரியரையும் கட்டுப்படுத்தும். ஒருவர் பேசும்போது கேட்போம் என்று சுவரில் ஒட்டிவிட்டுப் பிள்ளை பேசும்போது நாம் செல்போனைப் பார்க்கக் கூடாது.

ஏழாவது: மரியாதைக்கு ரேஷன் கிடையாது.

ஃபீஸ் கட்டாத பிள்ளை, சாதிச் சான்றிதழில் வேறு பெயர் உள்ள பிள்ளை, மதிப்பெண் குறைந்த பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, எல்லோருக்கும் ஒரே அளவு.

5. வகுப்பில் நாளை முதல்

கொள்கை காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். வகுப்பில் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பீர்கள்.

இரைச்சல் எழும்போது மேசையைத் தட்ட மாட்டோம். சத்தம் போடாதே என்பதை நாமே சத்தம் போட்டுச் சொல்லிப் பல ஆண்டாகிவிட்டது. கையை உயர்த்தி நிற்போம். பார்க்கும் பிள்ளையும் உயர்த்த வேண்டும் என்று முதல் வாரமே விளையாட்டாகப் பழக்குவோம். பேச்சு நிற்காத பெஞ்சின் பக்கத்தில் போய் நின்று, பாடத்தை நிறுத்தாமல் குரலை இன்னும் தணிப்போம். பல நேரம் அதுவே போதும்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை எழுப்பி நிறுத்துவதற்குப் பதிலாக, இடைவேளையில் தனியே கூப்பிட்டு, "எழுதலையா, எழுத முடியலையா?" என்று கேட்போம். இரண்டும் வேறு வேறு. விளக்கு இல்லை, நோட்டு இல்லை, புரியவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், விளையாடப் போய்விட்டேன் என்று ஐந்து பதில் வரும். ஐந்துக்கும் மருந்து வேறு. விளையாடப் போனவன் மதியம் உட்கார்ந்து எழுதட்டும். மற்ற நால்வரையும் அதே மருந்தால் குணப்படுத்த முடியாது.

சண்டை வந்தால் "சாரி சொல்லு, கை குடு" என்று அவசரப்பட மாட்டோம். உள்ளே கறுவிக்கொண்டு வெளியே கை குலுக்கும் வித்தையைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. இருவரையும் தனித்தனியே ஆறவிட்டு, பிறகு சேர்த்து உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்போம். என்ன நடந்தது? யாருக்கு வலித்தது? சரிசெய்ய நீ என்ன செய்யலாம்? பதிலைப் பிள்ளை சொல்லும்வரை காத்திருப்போம். கிழிந்த புத்தகத்துக்குச் சேர்ந்து அட்டை போடுவது அவர்களாகக் கண்டுபிடிக்கும் தீர்வாக இருந்தால் அது நிற்கும்.

பொருள் காணாமல் போனால் எல்லோர் பையையும் கொட்டிச் சோதிக்க மாட்டோம். ஒரு பிள்ளையைக் 'கள்ளன்' ஆக்கிவிட்டால் அந்தப் பெயர் ஊர்வரை போகும், டி.சி. வாங்கும்வரை நிற்கும். "நாளைக் காலை என் மேசையில் அந்த ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தால் போதும், யார் வைத்தது என்று கேட்க மாட்டேன்" என்போம். பொருள் திரும்பி வந்தால், தப்பைத் திருத்திக்கொள்ளும் வழி ஒன்று திறந்திருக்கிறது என்பதை ஒரு பிள்ளை கற்றுக்கொண்டிருக்கும். வராமல் போகவும் கூடும். அப்போது வகுப்பாகச் சேர்ந்து, இழந்த பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்போம்.

கோபத்தில் கொதிக்கும் பிள்ளைக்கு வகுப்பின் மூலையில் ஒரு பாய் இருக்கும். தண்டனை இடமாக அது மாறக் கூடாது. தானாகப் போய் உட்கார்ந்து, தானாக எழுந்து வரலாம். ஆசிரியரும் தேவைப்பட்டால் அங்கே உட்காரலாம் என்று சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இருபது நிமிடம் வகுப்புக் கூட்டம். வட்டமாக உட்கார்ந்து, இந்த வாரம் யார் யாருக்கு உதவினார்கள், எது சங்கடமாக இருந்தது என்று பேசுவோம். பேசுபவர் பெயர் எழுதும் லீடர் வேலையை ஒழித்து, சொல்லித்தரும் வேலையை எல்லோருக்கும் முறைவைத்துத் தருவோம்.

தப்பு எங்கள்மேல் இருந்தால் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்போம். யார்முன் திட்டினோமோ அவர்கள்முன் கேட்பதே முறை.

6. எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

"நாங்க அடி வாங்கித்தானே நல்லா வந்தோம்?" வந்தவர்கள் மேடையில் இருந்து பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து ஆறாம் வகுப்போடு நின்றுபோன பக்கத்து பெஞ்சுப் பையன், அந்த மேடையில் இல்லை. நல்லபடி வந்தவர்களும் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் எப்படி அடித்தார் என்று சொல்வதைவிட எப்படிக் கவனித்தார் என்றே அதிகம் சொல்கிறார்கள்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் பெற்றோரை நாங்கள் ஏளனம் செய்ய மாட்டோம். தாங்கள் படிக்காத படிப்பைப் பிள்ளை படித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. தவிப்பை ஏற்போம். தோலை உரிக்க மாட்டோம் என்பதை உட்காரவைத்துச் சொல்வோம்.

"பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போச்சு. ஆசிரியருக்கு யார் பாதுகாப்பு?" இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. 2012-இல் சென்னையில் ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையிலேயே மாணவன் கையால் உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஸ்டாஃப் ரூம்கள் எப்படி உறைந்துபோயின என்பதை மறக்க மாட்டோம். ஆசிரியரின் உயிரும் மரியாதையும் எங்களுக்குப் பேரம் பேசும் பொருள் அல்ல. ஆனால் பிரம்பு திரும்பி வந்தால் பாதுகாப்பு திரும்பி வரும் என்பதை நம்ப எங்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மனம் புழுங்கும் பிள்ளையை முன்கூட்டியே கண்டுகொள்ளும் கண்ணும், அவனை அனுப்பி வைக்க ஓர் ஆற்றுப்படுத்துநரும் இருப்பதுதான் பாதுகாப்பு.

"நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?" கடினம்தான். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை முப்பத்தைந்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுப் போராடுவோம். கிடைக்கும்வரை திட்டிக்கொண்டிருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

7. எங்கள் கோரிக்கைகள்

அரசுக்கு: ஆசிரியர் பயிற்சியில் வகுப்பறை நடத்தையைக் கையாளுதல் செய்முறைப் பாடமாக வேண்டும். சுற்றறிக்கை வாசிக்கும் பயிற்சி வேண்டாம், வகுப்பில் நின்று செய்துகாட்டும் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் பள்ளிகளைச் சுற்றிவரும் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் வேண்டும். சட்ட விகிதப்படி காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

கல்வி அதிகாரிகளுக்கு: தேர்ச்சி குறைந்த தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தாதீர்கள். அங்கே நின்றவர் ஸ்டாஃப் ரூமில் வந்து எங்களை நிறுத்துகிறார். நாங்கள் வகுப்பில் போய் யாரை நிறுத்துவோம் என்பது உங்களுக்குத் தெரியும். எமிஸ் எனும் கல்வித் தகவல் பதிவுக்குப் போகும் நேரத்தில் பாதியைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாருங்கள்.

தனியார் பள்ளி நிர்வாகங்களுக்கு: கட்டணப் பாக்கி பெற்றோருக்கும் உங்களுக்கும் இடையிலான விவகாரம். அதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் வேலையை எங்களிடம் தராதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு: கட்டடம், கழிவறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் கூட்டத்தில், பிள்ளைகள் பள்ளிக்கு வரப் பயப்படுகிறார்களா என்ற கேள்வியையும் ஒரு பொருளாகச் சேருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 பள்ளிச் சுவரில் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். எங்களைப் பற்றிப் புகார் சொல்லவும் அதுவே வழி என்பதை நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

8. உறுதிமொழி

எந்தப் பிள்ளையையும் அடிக்க மாட்டேன். பிறர் அடிக்கும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள மாட்டேன். பிள்ளையின் சாதி, வீடு, பெற்றோர் தொழில், உடல், மதிப்பெண் எதையும் திட்டும் சொல்லாக்க மாட்டேன். காரணம் கேட்காமல் தண்டிக்க மாட்டேன். தவறினால் மன்னிப்புக் கேட்பேன், மறுநாள் மீண்டும் முயல்வேன். தவறிய சக ஆசிரியரைக் காட்டிக்கொடுத்து ஒதுக்காமல், அவரும் கற்றுக்கொள்ளும்வரை பக்கத்தில் நிற்பேன். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேரும்போது அந்தத் தோழமைக்காக வாயை மூடிக்கொள்ள மாட்டேன்.

9. அழைப்பு

இந்த இயக்கத்துக்கு இன்னும் பெயர் இல்லை. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இல்லை. உறுப்பினராக வேண்டுமானால் உறுதிமொழியை எழுதி ஸ்டாஃப் ரூமில் ஒட்டி, மாதம் ஒருமுறை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து, எங்கே வென்றோம், எங்கே கத்திவிட்டோம் என்று மனம்விட்டுப் பேச வேண்டும். ஓராண்டு முடிந்தபின் எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்போம், நாங்கள் மாறியிருக்கிறோமா என்று. மாறியிருந்தால் அவர்களே பெயர் வைக்கட்டும்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. திங்கட்கிழமை காலை உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்த பம்பரம், ரப்பர் பேண்ட், சிறு கண்ணாடி, ஷார்ப்னர் உள்ளே கிடக்கும். யாருடையது என்று கேட்டு, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, அன்று எதற்காக அதை வெளியே எடுத்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.